பெரிய விமானத்துக்கு ஒரு நேர்காணல்

மெயில் வந்தபோது அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து, போனைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டி "ம்ம், ம்ம்" என்றாள். அவன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தான். வெளிநாட்டுச் சரக்கு விமான நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது. அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்தார்களாம். நேர்காணலுக்கும் விமானம் போலவே ஆடும் சிமுலேட்டரில் ஓட்டிக்காட்டும் தேர்வுக்கும் மூன்று நாள் வந்துபோக முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பதினேழு நாள் அவகாசம் இருந்தது.

"முதல்ல போய் வாயைக் கொப்பளி," என்றான் அவன். சொல்லிவிட்டு அவனே குளியலறை வாசல் வரை கூட வந்து, அவள் கொப்பளித்து முடிக்கும் முன் அந்த மெயிலை இரண்டாம் தடவையும் சத்தமாகப் படித்தான்.

ஒன்பது வருடமாக அவள் பத்தொன்பது பேர் உட்காரும் சின்ன விமானம் ஓட்டுகிறாள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி, நாற்பது நிமிடப் பயணம், கடலைத் தாண்டினால் ஒரு தீவு, அங்கிருந்து திரும்பி வருவது. இதையே ஒரு நாளைக்கு நான்கு தடவை. கடைசி நான்கு வருடமாகக் கேப்டன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து ஓடுபாதையில் அந்தப் பெரிய சரக்கு விமானங்கள் ஜன்னலே இல்லாத உடம்போடு பாரம் தாங்காமல் மெல்ல எழும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு நிறுவனத்தில் முயன்று பார்த்தாள். சிமுலேட்டர் தேர்வு வரைக்கும் போனாள். அதற்குப் பிறகு "வருந்துகிறோம்" என்று இரண்டே வரி வந்தது. ஏன், எதனால் என்று ஒரு வார்த்தை இல்லை. அவளாகவே நூறு காரணம் கற்பித்துக்கொண்டு ஆறு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. அன்று சாயங்காலமே பேனர் அடிக்கும் கடைக்குப் போய், பெரிய விமானத்தில் விமானிகள் உட்காரும் காக்பிட்டின் படத்தை நிஜ அளவில் அடித்துத் தரச் சொன்னாள். கடைக்காரர் படத்துக்கு மேலே யார் பெயரைப் போடுவது, வாழ்த்து என்ன எழுதுவது என்று இரண்டு முறை கேட்டார். பெயரும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம் என்றதும் ஏதோ நஷ்டப்பட்டவர் போலப் பார்த்தார்.

படம் அலமாரிக் கதவில் ஏறியது. அதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையின் இரண்டு நாற்காலிகள். இன்ஜின்களைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகளுக்குப் பதில், ஒரு அட்டைப்பெட்டியில் செருகிய இரண்டு மரக்கரண்டிகள். அவள் இடது நாற்காலியிலும் கணவன் வலது நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். அவனுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் செக்லிஸ்ட்டை அவன் கையில் கொடுத்தால், "எரிபொருள் அளவு" என்பதைக்கூட ஒரு மணி நேரம் தாமதமாக வரும் வண்டியைப் போல இழுத்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் படித்தான். சிரித்துச் சிரித்து முதல் நாள் பயிற்சி அதோடு போயிற்று.

ஆபத்துகளைக் கொடுக்கும் பொறுப்பு மகளுடையது. பன்னிரண்டு வயது, வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அடுப்படியில் நிற்கிறாளா, துணி மடிக்கிறாளா என்றெல்லாம் வாலு பார்க்கமாட்டாள். எங்கிருந்தாவது "வலது இன்ஜின்ல தீ!" என்று குரல் வரும். அம்மா அந்த நிமிடமே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நாற்காலிக்கு ஓடி, செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்லவேண்டும். ஐந்தாம் நாள் வாலு மாடிப்படியில் நின்று கத்தியதில் மேல்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு இறங்கி வந்துவிட்டார். அவருக்கு விஷயத்தை விளக்கி, அலமாரியைக் காட்டி, காபி கொடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. போகும்போது அவரும் ஒரு தடவை மரக்கரண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவளுடைய அக்காவிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று மூவரும் பேசிவைத்திருந்தார்கள். அவள் காதில் விழுந்தால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரிதான். ஆனால் வாலுவின் வாயில் எதுவும் தங்காது. எட்டாம் நாள் போன் வந்தது.

"சரக்கு விமானமாமே? இவ்வளவு படிச்சுட்டு லாரி ஓட்டப் போறியாடி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. ஆகாசத்துல ஓடுற லாரி. பின்னாடி உக்காந்து ஏன் லேட்டுன்னு யாரும் கேக்கமாட்டாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, போகும்போது குளிருக்கு என்னுடைய நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு போ, உன்னுடையது கந்தல் என்றாள்.

அந்த நீலக் கோட்டோடுதான் அவள் போய் இறங்கினாள். நிறுவனத்தின் பயிற்சி மையம் விமான நிலையத்தை ஒட்டி இருந்தது. கீழே வரவேற்பறை, மாடியில் வகுப்பறைகள், பின்னால் மூன்று மாடி உயரத்துக்குச் சிமுலேட்டர் கூடம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எடுக்கப்போவது எத்தனை பேரை என்று யாரும் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் துணிச்சலும் இல்லை.

முதல் நாள் எழுத்துத் தேர்வு முடிந்ததும் இரண்டிரண்டு பேராக ஜோடி பிரித்தார்கள். இருவர் சேர்ந்துதான் சிமுலேட்டரில் ஏறவேண்டும். அவளுக்கு அமைந்தவன் கதவு நிலையில் குனிந்து நுழையும் உயரம். ராணுவச் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனதுக்குள் அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்துவிட்டாள். அதிகம் பேசாதவன். ஆனால் அவள் பெட்டியிலிருந்து சுருட்டிய காக்பிட் படத்தை எடுத்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஓட்டல் தாழ்வாரச் சுவரில் அதை ஒட்டி, இருவரும் தரையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க ஒத்திகை பார்த்தார்கள். படுக்கை விரிப்பு மாற்ற வந்த பெண்மணி அவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

மறுநாள் நேர்காணல். எதிரே இருவர். ஒருவர் ஆள் எடுக்கும் அதிகாரி, ஒருவர் நரைத்த தலைக் கேப்டன். அரை மணி நேரம் விமானத்தைப் பற்றிக் குடைந்துவிட்டு, கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார். பயணிகளை ஓட்டிப் பழகியவர் எதற்காகச் சரக்குக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்.

இதற்கு அவள் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது வேறு. ஒரு தடவை இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டு, பிறந்து ஒரு நாளே ஆன எட்டாயிரம் கோழிக்குஞ்சுகளைத் தீவுக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னாள். பின்னால் வெப்பம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நாற்பது நிமிடமும் ஒரு கண் வெப்பமானியிலேயே இருந்தது.

"இறங்கி இன்ஜினை நிறுத்தினதும் அந்தச் சத்தம் கேட்டுச்சு சார். எட்டாயிரமும் ஒண்ணா கத்துச்சு. அத்தனையும் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சப்போ, பயணிங்க கை தட்டினப்பக்கூட எனக்கு அப்படி இருந்ததில்ல."

கேப்டன் சிரிக்கவில்லை. குஞ்சுகளுக்கு எத்தனை டிகிரி வைத்தீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவில் வெளியே அனுப்பினார்கள். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கணவனுக்கு, "கோழிக்குஞ்சைப் பத்திப் பேசிட்டேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். அவனிடமிருந்து நான்கு கேள்விக்குறி வந்தது.

மூன்றாம் நாள் காலை சிமுலேட்டர். ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. ஒரு சிறிய பாலத்தில் நடந்து உள்ளே போகவேண்டும். பாலத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டதும் பெட்டி லேசாகத் துள்ளி உயிர் பெற்றது. வழுக்கைத் தலைத் தேர்வாளர் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவளை முதலில் ஓட்டச் சொன்னார்.

ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும் நொடியில் வலது இன்ஜின் நின்றது. விமானம் வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. அவளுடைய இடது கால் தானாக மிதியை அழுத்தியது. எத்தனை தடவை அடுப்படியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்! வாய் வரிசையாகச் சொல்ல, நெட்டையன் வரிசையாகச் செய்தான்.  ஒற்றை இன்ஜினோடு சுற்றி வந்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் பூப்போல இல்லாவிட்டாலும் பொத்தென்று இல்லாமல் இறக்கினாள். மனசு உள்ளுக்குள் ஒரு குதி குதித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு நெட்டையன் ஓட்டினான், அவள் கண்காணிக்கவேண்டும். பக்கக் காற்று, தாழ்ந்த மேகம். இறங்கும்போது விமானம் ஆயிரம் அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகத்தை அடக்கிச் சீராகிவிடவேண்டும், இல்லையென்றால் இறங்கக்கூடாது. வேகம் மணிக்குப் பதினைந்து கடல் மைல் கூடுதலாக இருந்தது.

"வேகம்," என்றாள்.

"சரி பண்றேன்."

சரியாகவில்லை. எழுநூறு அடி. அறுநூறு. மேகம் விலகி ஓடுபாதை பளிச்சென்று முன்னால் தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வாயைத் திறந்தால் அவனுக்கு இந்த வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று அவள் ஒரு நொடி தயங்கினாள். ஆனால் நிஜ விமானம் என்றால் பின்னால் நூறு டன் சரக்கு இருக்கும். அவள் சொன்னாள்.

"கோ அரவுண்ட்."

இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறவேண்டும் என்று பொருள். அவன் கை அசையவில்லை.

"கோ அரவுண்ட். மேல ஏத்துங்க."

இரண்டாம் முறை சொன்னதும் அவன் கைப்பிடிகளை முழுதாகத் தள்ளினான். பெட்டி பின்னால் சாய்ந்து உறுமியது. மறுபடி சுற்றி வந்து இரண்டாம் முறை அழகாக இறக்கினான். தேர்வாளர் ஏதோ எழுதினார், நன்றி சொன்னார், பாலம் வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

கூடத்தைக் கடந்து பேருந்து நிற்கும் இடம் வரை நெட்டையன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே பின்னால் நடந்தாள். பேருந்தில் ஏறிய பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"நீங்க சொல்லலைன்னா எறக்கியிருப்பேன். ரன்வேயைப் பாத்ததும் கைக்குப் பிடிவாதம் வந்துடுச்சு."

"உங்களுக்குக் கோவமோன்னு நெனச்சேன்."

"கோவம்தான். உங்க மேல இல்ல," என்றான் அவன். பிறகு ஓட்டல் வரும் வரை தன் மூன்று பெண்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசினான்.

வீடு திரும்பி நான்காம் நாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. "கிடைச்சிடுச்சு! உங்களுக்கும் வந்திருக்கும்னு தெரியும்." அவளுக்கு வரவில்லை. மெயில் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், வேண்டாத மெயில்கள் போய் விழும் பெட்டியையும் கிளறினாள். வாழ்த்துகள் என்று பதில் அனுப்பினாள். மனசார அனுப்பினாள்தான், ஆனால் அனுப்பிய கையோடு ஒரு மூட்டை வெங்காயம் உரித்தவள் போல உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒரே நேரத்தில் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை. கணவன், அலமாரியில் மறுபடி மாட்டியிருந்த படத்தைக் கழற்றலாமா என்று கேட்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனான்.

ஆறாம் நாள் காலை. பதினேழு பயணிகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவள் போனை அணைக்கப்போனபோது திரையில் அது விழுந்தது. அந்த நிறுவனத்தின் பெயர். "உங்கள் தேர்வு முடிவு குறித்து" என்ற தலைப்பு. துணை விமானி எட்டிப் பார்த்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் விமானம் ஓட்ட வந்தவர். எல்லாரும் பேங்க்காரர் என்றே கூப்பிடுவார்கள். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும்.

"தொறக்காதீங்க மேடம். நல்லதா இருந்தாலும் கை நடுங்கும், கெட்டதா இருந்தாலும் கை நடுங்கும்."

அவர் சொல்வது சரி என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் விரல் அரை நொடி திரைமேல் நின்றது. பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டாள். செக்லிஸ்ட்டை முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தைப் போல நீண்ட பயணம் அவள் வாழ்நாளில் இல்லை. பையில் இருந்தது போனா, கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியா என்று தெரியவில்லை. கடல் தகதகத்தது. எப்போதும் கண்ணில் படாத மீன்பிடிப் படகுகளை எல்லாம் எண்ணினாள். பேங்க்காரர் பாவம், வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தீவின் ஓடுபாதையில் அவள் இறக்கியது, சக்கரம் தொட்டதே தெரியாத இறக்கம். வாசலில் நின்று பதினேழு பேருக்கும் வணக்கம் சொன்னாள். ஒரு பெரியவர் கைத்தடியைத் தேடி ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். கடைசி செக்லிஸ்ட்டை முடித்து, புத்தகத்தில் நேரத்தை எழுதிவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

முதல் வரியிலேயே இருந்தது. தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள். இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் சான்று வரத் தாமதமானதால் இந்த முடிவை அனுப்பவும் தாமதமாயிற்று, பொறுத்துக்கொள்ளவும். அடுத்த மாதம் முதல் தேதி பயிற்சி ஆரம்பம்.

அவள் போனைப் பேங்க்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ எனக்குப் புது கேப்டன் தேடணும்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர்தான்.

கணவன் இரண்டாவது மணியில் எடுத்தான்.  "என்னம்மா? சொல்லு," என்றான் அவன். "கிடைச்சிடுச்சுங்க" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்ல அவளுக்கு மூன்று முயற்சி ஆயிற்று.  அவன் உடனே, வாலுவுக்குப் பள்ளிக்கூடத்தில் இப்போது என்ன பாட வேளை, நடுவில் கூப்பிட்டுச் சொல்ல விடுவார்களா என்று பரபரவென்று கேட்டான். விடமாட்டார்கள், மதியம் வரை பொறுங்கள் என்றாள். அவனால் பொறுக்கமுடியாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

திரும்பும் பயணத்துக்கு இன்னும் இருபது நிமிடம். அவள் இறங்கி விமானத்தைச் சுற்றி வந்து, சக்கரங்களையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சோதித்தாள். இந்தத் தடவை நீங்களே ஓட்டுங்கள், நான் ரேடியோவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பேங்க்காரரிடம் சொன்னாள். கிளம்ப அனுமதி கேட்டபோது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் அனுமதியைக் கொடுத்துவிட்டு, "என்ன கேப்டன், இன்னிக்குக் குரலே வேற மாதிரி இருக்கு?" என்றார்.

அவள் கொடுக்கப்பட்ட உயரத்தையும் திசையையும் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.