மாடிப்படிக்குக் கீழே ஒரு வகுப்பு

“உன் பொண்ணு புத்தகத்தைத் தூக்கி இன்னொரு புள்ள மூஞ்சியில அடிச்சிருக்கா. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் தனி வகுப்பாம்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் தட்டைத் தள்ளினால் அந்த வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

அவருடைய தம்பி மனைவி சுவரோரமாக நின்றாள். பேக்கரியில் கேக்குகளின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும், யாருடைய பிறந்தநாள் பெயரையோ பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தாள். முழங்கையில் கிரீம் காய்ந்து ஒட்டியிருந்தது.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் பட்டாசு என்று கூப்பிடுவார்கள். எப்போது வெடிப்பாள் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர்தான் கவனித்துக் கண்டுபிடித்திருந்தார். உரக்கப் படிக்கச் சொல்லும்போது மட்டும்தான் அவள் வெடிக்கிறாள்.

“மூளை நல்லாவே வேலை செய்யுதும்மா” என்று மதியம் சொல்லியிருந்தார் டீச்சர். “எழுத்துங்கதான் அவளுக்குப் பிடிபடாம நழுவுது. எல்லார் முன்னாடியும் தடுமாறி நிக்கிறதைவிட, ஒருத்தியை அடிச்சிட்டு வெளியில போய் நிக்கிறது அவளுக்குச் சுலபமா இருக்கு. தனியா சொல்லிக்கொடுத்தா வந்துடும். ஆனா நாங்க மட்டும் இழுத்தா தேர் நகராது. வீட்லயும் தினம் கூட உக்காந்து படிக்கணும். தப்பா படிச்சா சிரிக்கக் கூடாது. கோவம் வந்தா அடிக்காம, ‘கொஞ்சம் தள்ளிப் போயிட்டு வா’ன்னு சொல்லுங்க. இங்கயும் அதையேதான் சொல்றோம். ரெண்டு இடத்துலயும் ஒரே பேச்சா இருக்கணும்.”

மாடிப்படிக்குக் கீழே பழைய பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அந்த வகுப்பை வைத்திருந்தார்கள். உள்ளே நாலைந்து பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த தாய்க்கு அது பிடித்திருந்தது. அதை வீட்டில் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

“என் பொண்ணைப் பார்க்க அடுத்த வாரம் வர்றாங்க” என்றார் பெரியவர். “மந்தபுத்திப் புள்ளைங்களோட இந்த வீட்டுப் புள்ள ஒண்ணு உக்காந்திருக்குன்னு காதுல விழுந்தா, இந்த ரத்தத்துலயே கோளாறுன்னு எழுந்து போயிடுவாங்க. ஒரு வகுப்பும் வேணாம்.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அண்ணனுடைய பெயின்ட் கடையில் வேலை செய்து, அண்ணன் கட்டிய மாடியில் குடியிருப்பவன். “அண்ணன் சொல்றது நியாயம்தானே” என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு, அண்ணனுக்குத் தெரியட்டும் என்பதுபோல எழுந்துபோய் மகள் முதுகில் ஒன்று வைத்தான்.

“அடிக்க வேணாம்னு டீச்சர் சொன்னாங்க” என்று தாய் குறுக்கிட்டாள்.

“டீச்சரா இவளைப் பெத்தா?”

மகள் அழவில்லை. அடி வாங்கிப் பழகிய முதுகு அது.

அதன்பின் தாய் பாதிக்குப் பாதி கீழ்ப்படிந்தாள். வகுப்புக்கு அனுப்பவில்லை. ஆனால் பேக்கரியில் மிஞ்சிய கிரீமைக் கொண்டுவந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தடிமனாகப் பிழிந்தாள். மகள் அதன் மேல் விரலை ஓட்டி, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சில எழுத்துகள் நின்றன. சில மறுநாளே ஓடிப்போயின. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், யாரும் சொல்லாமலே மகள் உள்ளங்கையால் தட்டை வழித்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். திருட்டுச் சாமானை மறைப்பதுபோல அவள் எழுத்தை மறைப்பதைத் தாய் பார்த்தாள். நாம் சொல்லிக்கொடுப்பது எழுத்தையா, வெட்கத்தையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகப் பேசுகிற, எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிற பெண்மணி. பட்டாசைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கொண்டுவந்த சாக்லேட் பெட்டியை நீட்டினாள்.

“மேல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு. பெட்டி உனக்குத்தான்.”

மகள் வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

“படிம்மா, என்ன வெட்கம்?” என்றார் பெரியவர். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

அவள் காது இரண்டும் சிவந்தன. அடுத்த கணம் பெட்டி பறந்தது. டீ டம்ளர் ஒன்று உருண்டு மாப்பிள்ளையின் கால்சட்டையை நனைத்தது. சாக்லேட்டுகள் நாற்காலிகளுக்கு அடியில் சிதறின. கணவன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான்.

தாய் நடுவில் போய் நின்றாள். மகளிடம், “கொஞ்சம் தள்ளிப் போயிட்டு வா” என்றாள். குரல் உயரவில்லை. மகள் பால்கனிக்குப் போனாள்.

“அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கஷ்டங்க” என்று வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். “திமிரு இல்ல. பள்ளிக்கூடத்துல அதுக்குன்னு தனியா வகுப்பு நடத்துறாங்க. திங்கக்கிழமையிலேருந்து போறா. நாங்கதான் மறைச்சு வெச்சிருந்தோம். தப்பு எங்களோடது.”

பெரியவர் கழுத்து நரம்பு புடைத்தது. விருந்தாளிகள் முன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

சற்று நேரத்தில் மகள் தானாகவே திரும்பி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த சாக்லேட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது, எல்லோரும் முன்னே போகட்டும் என்று அவள் பின்தங்கினாள். தாயின் கையைப் பிடித்தாள்.

“அந்த வகுப்புல என்ன பண்றாங்க? நிஜமாவே வந்துடுதா?” பிறகு இன்னும் தணிந்த குரலில், “என் கடைக்குட்டிக்கும் இதேதான். பன்னெண்டு வயசாச்சு. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத் தெரியாது, சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

தாய் டீச்சர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சம்பந்தம் முடிவானது. நான் எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்று பெரியவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். கணவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான். திங்கட்கிழமை அவள் மகளை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் விட்டாள். மாலையில் சமையலறைக் கதவைத் திறந்து வைத்தே தட்டை எடுத்தாள். கணவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அவர்கள் படித்தார்கள். மகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நடுவில் ஒருமுறை ஒருத்தியின் சடையை இழுத்தாள். ஆனால் கை ஓங்கும்போது பாதியில் நிறுத்தி, தானே தள்ளிப் போகவும் பழகியிருந்தாள். வரிகள் திக்கித் திணறி வர ஆரம்பித்தன.

கல்யாணத்தன்று மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவைத் தனியாகப் பார்த்தபோது தாய் கேட்டாள்: “கடைக்குட்டியைச் சேர்த்தாச்சா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “இந்தக் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். இப்ப யோசிச்சா, நாளைக்கு அவளுக்கும் ஒரு இடம் பார்க்கணுமே. வெளியில தெரிஞ்சா யார் வருவா, சொல்லுங்க?”

தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் அதைக் கேட்டாள். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தக் கடைக்குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உனக்கும் படிக்க வராதாமே? எனக்கும்தான். நான் தனி வகுப்புக்குப் போறேன். உங்க ஸ்கூல்லயும் இருக்கும், கேட்டுப் பாரு.”

அவர்களுக்கு முன்னால் இருந்த வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினாள். தலைகள் திரும்புவதைப் பார்த்துப் பெரியவர் மேடையிலிருந்தே முறைத்தார். மண்டபத்து இரைச்சலில் கடைக்குட்டிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. “என்ன?” என்று காதைக் கொடுத்தாள்.

பட்டாசு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.