அடுப்படிக்குப் பின்னால் ஒரு பீலி

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சதீஸ்குமார் சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டு கொண்டுபோவார். உள்ளே நுழைந்ததும் குனிந்து அதைத் தரையில் வைப்பார். குண்டு உருண்டால் தரை சாய்ந்திருக்கிறது, அந்த வீடு எங்களுக்கு இல்லை. தெமோதரைக்கு மேலே, றோசாலியக்காவின் வீட்டில், அது வைத்த இடத்திலேயே நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதமாகிவிட்டது.

கார்த்திகை மழையில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்ததிலிருந்து எங்களுக்குச் சொந்தமாக ஒரு வாசல் இல்லை. லயம் விழவில்லை. ஆனால் இனி அங்கே யாரும் குடியிருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகாமில் இருந்தபோது மண்சரிவைப் பற்றி விளக்க வந்தவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். கதவு திடீரென்று இறுகும், மரம் சாயும், சுவர் வெடிக்கும், இல்லாத இடத்தில் தண்ணீர் ஊறும், ஊறுகிற தண்ணீர் கலங்கும். பிள்ளைகள் அதையே பாட்டாக்கிப் பாடித் திரிந்தார்கள். எனக்கும் அது மனப்பாடம். இப்போது நாங்கள் இவருடைய அக்கா வேலாயி வீட்டில், ஒரே காம்பராவில், குறுக்கே சேலை கட்டிக்கொண்டு இரண்டு குடும்பமாக இருக்கிறோம். மதினி முகம் சுளிக்கிற ஆளில்லை. இருந்தாலும் அடுத்தவர் வீட்டில் இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது.

றோசாலியக்காவின் புருஷன் இறந்து நாளாகிறது. மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டின் பின்பாதியை வாடகைக்கு விட்டால் பேச்சுத்துணைக்கு ஆளிருக்கும் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். நான் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினேன். இவர் புதுச் சுண்ணாம்பு எங்காவது வெடிப்பை மறைத்திருக்கிறதா என்று சுவரைத் தட்டிக்கொண்டே போனார். வெளியே போய் மரங்களைப் பார்த்தார். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நோண்டிப் பார்க்கமாட்டார்கள் என்று றோசாலியக்கா கேலி செய்தார். அந்தக் கேலியில் கோபமில்லை. ஆள் வந்ததே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்காமலே தேத்தண்ணி போட்டார்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவலாமென்று அடுப்படியின் பின்கதவைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மண்மேட்டின் அடியிலிருந்து ஒரு மூங்கில் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. பீலி. என் வயதுக்கு நான் பார்க்காத பீலியில்லை. ஆனால் அது எப்போதும் லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், வரிசையில் நின்று சண்டை போட்டுப் பிடிக்கிற இடத்தில்தான் இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு குடம் தூக்கியிருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு தூக்கியிருக்கிறேன். கல்யாணத்தன்று காலையில், மஞ்சள் பூசிய முகத்தோடு, என் குளிப்புக்கு நானே தண்ணீர் சுமந்தேன். என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நகையையோ சேலையையோ சொல்லியிருக்க மாட்டேன். கதவைத் திறந்தால் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை இங்கே ஈரமும் சத்தமுமாக என் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். எலும்புவரைக்கும் குளிர்ந்தது.

மேட்டைக் குடைந்து வைத்த சின்ன மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுதிரி கரைந்துபோயிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முகாம் பிள்ளைகளின் பாட்டு காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பீலி ரொம்ப நாளா இருக்காக்கா?"

"எங்க புள்ள! நானும் அவரும் இருவது வருசமா ரோட்டுலருந்து தூக்குனோம். கார்த்திக மழைக்கு பொறகு தானா வந்துச்சு. மாதா குடுத்த தண்ணி." சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். இவர் முன்பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். றோசாலியக்கா ஒரு பச்சை சோடாப் போத்தலில் பீலித் தண்ணீரைப் பிடித்து, குடித்துப் பார் என்று என் கையில் திணித்தார். வாசல்வரை வந்து, எனக்குப் பிடித்த இடத்தில் மிளகாய்க் கன்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பஸ்ஸில் வழிநெடுக இவர் பேசிக்கொண்டே வந்தார். குண்டு அசையவேயில்லை பார்த்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாங்க, ஆமாங்க என்றேன். போத்தல் மடியில் இருந்தது. பீலி விஷயத்தைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம், இன்று ஒரு ராத்திரி மட்டும் அந்த வீடு எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். சேலை மறைப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அங்கே குடிபோனேன். அடுப்படியில் பானைகளை அடுக்கினேன். பின்கதவைத் திறந்துபோட்டுத் துணி துவைத்தேன். யாருக்கும் இடம் விடாமல், யாரிடமும் முறை கேட்காமல், தலை முழுக ஊற்றிக்கொண்டேன். அதற்குள் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை கனக்கக் கனக்க அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

விடிந்ததும் முதலில் போத்தலைத்தான் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் வைத்தது வைத்தபடி இருந்தது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். நேற்று அந்தப் பச்சையில் ஒன்றும் தெரியவில்லை. இன்று அடியில் நகக் கனத்துக்குச் செம்மண் படிந்திருந்தது.

இவரை எழுப்பிக் கையில் கொடுத்து, றோசாலியக்கா சொன்னதையும் சொன்னேன். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. போத்தலை ஆட்டாமல் கீழே வைத்தார். சட்டையை எடுத்துப் பையிலிருந்த கோலிக்குண்டை வெளியே எடுத்தார். அது என்ன தவறு செய்தது என்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தம்மா அங்க தனியால்ல இருக்காங்க?"

இவரிடம் போனை வாங்கி நானே றோசாலியக்காவுக்கு எடுத்தேன். வெகுநேரம் அடித்தது.  எடுத்ததும் றோசாலியக்கா, நான்தான் என்று தெரிந்து, எடுத்த எடுப்பிலேயே பேசத் தொடங்கினார்.

"எப்ப புள்ள வாறீங்க? ராத்திரி மழைக்கு தண்ணி இன்னும் கூடி வருது. நீ வரப் போறன்னு அதுக்கு தெரிஞ்சிருச்சு போல."

"அக்கா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"பீலிகிட்டதான். ஏன்?"

அவர் குரலுக்குப் பின்னால் அது கேட்டது. நேற்றுக் கேட்டதைவிடப் பெரிதாக, தடையில்லாமல், என் வாசலுக்கு வந்ததுபோல விழுந்துகொண்டிருந்தது.