நான் செய்த போலி கிட்டார்

என் வீட்டுக்காரர் வாயில் நல்ல வார்த்தை வராது. எங்கள் கடையில் பழைய கிட்டார்களைப் பார்த்து வயதும் விலையும் சொல்வது அவர் தொழில். தாத்தா காலத்துக் கிட்டார் என்று யாராவது ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தால், உள்ளே சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா போன வருஷம்தான் பொறந்தாரா?" என்று கேட்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். பின்னாலேயே ஓடிப்போய் சமாதானம் சொல்வது என் வேலை.

பக்கவாதம் வந்து, மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினார். பேச்சு ஓரளவு வந்துவிட்டது. ஆனால் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்றார். உப்பில்லாத சூப் நல்லா இருந்தது. பக்கத்து வீட்டு டிவி சத்தமும் நல்லா இருந்தது. பார்க்க வந்தவர்கள், மனுஷன் எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்று மெச்சினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு மரியாதையான ஆளோடு நான் குடும்பம் நடத்தியதே இல்லை.

கடையிலிருந்து நல்ல கிட்டார்களாக எடுத்துவந்து காட்டினேன். எல்லாமே நல்லா இருந்தன. "சரியாத்தானே சொல்றாரு?" என்றாள் மகள். நல்லதை நல்லது என்று தெருவில் போகிறவர்கூடச் சொல்லலாம். மட்டமானதை அவர் கண்டுபிடிக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அதனால் ஒரு போலி செய்தேன். மோசடிக்காரர்களை முப்பது வருஷமாக அவர் திட்டக் கேட்டு, அந்த வித்தை முழுக்க எனக்கு அத்துப்படி. மகள் பள்ளிக்கூடத்தில் வாசித்த பிளைவுட் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கி, உப்புத்தாளால் பளபளப்பைத் தேய்த்துப் போக்கினேன். ஒரு காகிதத்தை டீயில் ஊறவைத்துக் காயவைத்து, இல்லாத கம்பெனியின் பெயரையும் எழுபது வருஷத்துக்கு முந்தைய தேதியையும் எழுதி உள்ளே ஒட்டினேன். இடுக்கில் தெரியும் அழுக்குக்கு ஷூ பாலிஷ்.

"அவர் கண்டுபிடிக்கலைன்னா என்னம்மா பண்ணுவ?" என்றாள் மகள். நான் ஷூ பாலிஷை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

மறுநாள் காலை அதை அவர் மடியில் வைத்தேன். "ரொம்பப் பழசாம். வித்துத் தரச் சொல்றாங்க. பாருங்க."

நல்லபடியாக இருந்த இடது கையால் தடவினார். "நல்லா இருக்கு."

போச்சு. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கடை போனால் போகட்டும், எனக்கு அந்த ஆள் வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் 'கறக் கறக்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். கிட்டாரின் நடு ஓட்டை விளிம்பில் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். முழு மரம் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தட்டும். மறுபடி ஓட்டினார். ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தார். புருவம் நெரிந்தது.

"எந்தக் கழுதை... செஞ்சது இது?"

நான் கிட்டே போய் நின்றேன்.

"பிளைவுட்டு. லேபிள்ல... டீ நாத்தம். இங்க ஏன் தேஞ்சிருக்கு? இங்க எவன் கை படும்? வாசிச்சவனுக்கு... மூணு கையா?" வார்த்தைகள் குழறின. கோபம் மட்டும் தெளிவாக இருந்தது. "ஏமாத்தக்கூடத் தெரியாத... மண்டு!"

மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னம்மா இது, அப்பா இந்தக் கத்து கத்துறாரு, நீ அழுதுகிட்டே சிரிக்கிற?"

"நடுவுல பேசாதடி," என்றேன். "இன்னும் பின்பக்கத்தைப் பாக்கல. அங்க இதைவிட மோசமாப் பண்ணி வெச்சிருக்கேன்."