கார் இல்லாதவனின் ஜாக்கி

கிளார்க்கின் வீடு தரையிலிருந்து மூன்றடி எழும்பி நின்ற அன்று காலை, தண்ணீர் லாரி வழக்கம்போல அரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஓட்டுநர் குழாயை மூன்றடி கூடுதலாக இழுத்து நீட்டினார், அவ்வளவுதான். வீட்டைப் பார்த்து வயிறெரிந்தது ஒரே ஒருவருக்கு. அவர் கிளார்க்கின் சகலை. கிளார்க்கின் மனைவியுடைய அக்காவைக் கட்டியவர், லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இரும்பு கடைந்தவர்.

அந்தக் குடும்பத்தில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி முனகினாலும் லேத்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சலித்துக்கொண்டே வந்து, மாமனார் பார்க்கும்படி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். கிளார்க்குக்கோ ஸ்பானருக்கும் குறடுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பேர்ப்பட்டவன், பழைய இரும்புக் கடையில் துரு மொத்தையாகக் கிடந்த எண்பது வருடத்துக் கார் ஜாக்கி ஒன்றை வாங்கி வந்தான். கார் கிடையாது. வீட்டுப் பின்புற ஷெட்டில் அதைப் பிரித்துப் போட்டு, ஒரு மாதம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் மெருகேற்றி, ரப்பர் வாஷர்களை மாற்றினான். மாமனார் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "கையில என்ன நறுவிசு பாருங்க" என்று லேத்காரரின் மனைவியே சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அவருக்கு வந்ததில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, "எந்த ஆயில்ணே ஊத்தணும்?" என்று கிளார்க் கேட்டபோது, அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "பிரேக் ஆயில் ஊத்து தம்பி. வெண்ணெய் மாதிரி வேலை செய்யும்" என்றார். பிரேக் ஆயில் பட்டால் ஜாக்கியின் வாஷர் ஊதிப்போகும், பிறகு ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கிளார்க் ஊற்றினான். தூக்கிப் பார்க்கக் கார் இல்லாததால் வீட்டின் ஒரு மூலையில் முட்டுக்கொடுத்து, கைப்பிடியை நாலு அழுத்து அழுத்தினான். ஜாக்கியின் தண்டு நீளம் எட்டு அங்குலம். வீடு மூன்றடி ஏறியது. நாலு மூலையும் சமமாக, சுவரில் ஒரு கீறல் இல்லாமல் ஏறியது. அடுப்பில் இருந்த பால் தளும்பவில்லை. அதன்பின் வாஷர் ஊதி இறுகிக்கொண்டது. இறக்குகிற திருகாணியை எவ்வளவு திருப்பியும் வீடு இறங்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறப் பழகிக்கொண்டார்கள். வெயில் காலத்தில் அடியில் நல்ல காற்று வந்தது. தெரு முழுக்க வெள்ளம் புகுந்த வருடம் அந்த வீட்டில் மட்டும் கட்டில் கால் நனையவில்லை. வந்தவர்களிடமெல்லாம் கிளார்க், "எல்லாம் அண்ணன் சொன்ன ஆயில்" என்றான். ஒவ்வொரு தடவையும் லேத்காரருக்குச் சுருக்கென்றது.

ஆறாம் வருடம் அவரால் தாங்க முடியவில்லை. ஷெட்டுக்குப் போய், "தம்பி, அது தப்பான ஆயில். தெரிஞ்சேதான் சொன்னேன். உன்னப் பாத்துப் பொறாமை" என்று போட்டு உடைத்தார்.

கிளார்க் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியும்ணே. ஆயில் கடைக்காரர் அப்பவே ஜாக்கிக்கு இது வேணாம்னாரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

அடுத்தவன் சொல்லை இப்படி நம்புகிற மனசு இவனுக்குப் போய் வாய்த்ததே என்று லேத்காரருக்கு அதன் மேலும் பொறாமை வந்தது. முன்னதைவிட இது கூடுதலாக எரிந்தது. அந்த வாரமே ஐந்து இரும்புப் படிகள் செய்துவந்து வாசலில் பொருத்தினார். மாமனார் முதலில் ஏறினார், படி ஆடவில்லை. வீட்டை இறக்குவது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஞாயிறுதோறும் லேத்காரர் அங்கே விருந்துக்கு ஏறிப்போகிறார். பொறாமையும் கூடவே ஏறுகிறது. அவரும் அதுவுமாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள்.