வாணலிச் சரிவில் இரண்டு காற்றுப்பைகள்

கனடாவின் மலையூரான வேல்மவுண்டில் காற்றுப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால் காபி ஆறிப்போகும். விஷயம் என்னவோ சின்னதுதான். பனிமேல் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டியான பனிவண்டியை ஓட்டுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை அது. மலையிலிருந்து பனி உடைந்து துரத்தும்போது தோள்வாரில் இருக்கும் பிடியைச் சுண்டி இழுத்தால் தலைக்குப் பின்னால் பெரிய பலூன் உப்பிக்கொள்ளும். ஆள் அடியில் புதையாமல் மேலாக மிதந்து வர வாய்ப்பு உண்டு. இதற்கு அந்த ஊர்க் காபிக்கடையில் இரண்டு கட்சி. வண்டி வாடகைக்கு விடும் லாயிட், பைக்கட்சி. பையையும் வாடகைக்கு விடுகிறவன் வேறு எந்தக் கட்சியில் இருப்பான்? எதிர்க்கட்சியில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆசாமிகள். அவர்களுக்குத் தலைவன் டார்சி.

"மரத்துல போய் மோதினா உன் பலூன் என்ன பண்ணும் லாயிட்? பிறந்தநாள் கொண்டாடுமா?" என்பான் டார்சி.

"மோதாம பிழைச்சு வந்தவன் இருக்கான்ல, அவனைக் கேளு."

"பை இருக்குங்கற தைரியத்துலதானே அவன் அங்க ஏறினான்? இல்லன்னா வீட்ல உக்காந்து சூப் குடிச்சிருப்பான்."

பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் யாராவது ஒருத்தர் லாயிடின் பிக்கப் வண்டிக் கதையை எடுத்துவிடுவார். பெட்ரோல் பங்கில் இறங்கப் போகும்போது பிடி சீட் பெல்ட்டில் மாட்டி, வண்டிக்குள்ளேயே பலூன் உப்பி, லாயிட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு ஹாரனை அலறவிட்ட கதை. ஊரே வந்து பார்த்தது. கடை முழுக்கச் சிரிக்கும், லாயிடும் சேர்ந்து சிரிப்பான், விவாதம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

நோரீன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மலையடிவாரத்தில் பனிவண்டிக்காரர்களுக்குப் பாஸ் கொடுக்கும் மரக்கொட்டகையில் அவளுக்கு வேலை. அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பதினெட்டு வருஷமாக அதையே வைத்துக்கொண்டிருந்தாள். எர்ல் முதுகில் அப்படி ஒரு பை இருந்திருந்தால்?

எர்ல் அவள் கணவன். டார்சிக்கு உயிர் நண்பன். வாணலிச் சரிவு என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் இடத்தில், அதுவரை யாரும் தொடாத உயரத்தைத் தொட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பிய டார்சி பாதியில் வண்டி புதைந்து நின்றுவிட்டான். அவனுக்கு உதவ எர்ல் மேலே போனான். மலைப்பனி உடைந்து இரண்டு பேரையும் அடித்துக்கொண்டு வந்தது. டார்சி ஓரத்தில் மேலாகக் கிடந்தான். எர்ல் அடியில் கிடந்தான். அப்போது இந்தப் பைகள் ஊரில் யாரிடமும் இல்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மார்ச் முதல் சனிக்கிழமை எர்லின் கூட்டாளிகள் வாணலிக்குப் போய் அவனை நினைத்துவிட்டு வருவார்கள். கடைசி வண்டி இறங்கி வரும்வரை நோரீன் கொட்டகை ஜன்னலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கூட்டமும் கரைந்துவிட்டது. ஒருத்தன் எட்மன்டனுக்குக் குடிபோனான், ஒருத்தனுக்கு முழங்கால், ஒருத்தனுக்கு இதயம். இந்த வருஷம் மிச்சம் டார்சி மட்டும்தான். அவனுக்கும் ஏப்ரலில் இடுப்பில் ஆபரேஷன். வண்டியை பிரின்ஸ் ஜார்ஜில் யாருக்கோ விலை பேசிவிட்டான். இதுதான் கடைசிப் பயணம்.

"நான் தனியாப் போய்ட்டு வந்துடுறேன்" என்று கொட்டகையில் வந்து சொன்னான்.

"தனியா யாரும் மலைக்குப் போகக் கூடாதுன்னு வாசல்ல பலகை வச்சிருக்கேன். பெயிண்ட் அடிச்சுக் குடுத்ததே நீதான்யா."

"அப்ப யாரைக் கூட்டிட்டுப் போக? லாயிடையா? அவன் வழியெல்லாம் வியாபாரம் பேசுவான்."

"நான் வர்றேன்."

டார்சி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ கடைசியா வண்டி ஓட்டினது..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டான்.

"ஆமா, எர்ல் போறதுக்கு முந்தின வாரம். லாயிட்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு ஒரு வண்டி. நம்ம ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பை."

"பையா? இந்த வயசுல என்னை ஆமையாக்கப் பாக்குறியா தாயே?"

"போட்டுக்கிட்டா வா. இல்லன்னா வண்டிச் சாவிய இங்க வச்சிட்டுப் போ."

கோபமாகத்தான் சொன்னாள். உள்ளே இருந்தது கோபம் இல்லை, பயம். எர்லின் குரலை, அவன் கெட்ட பழக்கங்களை, அவன் பாடுகிற கேவலமான பாட்டுகளை ஞாபகம் வைத்திருக்கிற இன்னொரு ஆள் டார்சிதான். இவனையும் மலைக்குக் கொடுத்துவிட்டு அந்த ஜன்னலில் இன்னொரு சாயங்காலம் உட்கார அவளால் முடியாது.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. லாயிட் இரண்டு பைகளையும் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "பிடி இந்த ஜிப்புக்குள்ள இருக்கு. கிளம்பும்போது வெளிய எடுத்து விட்டுக்கங்க" என்று சொல்லிப் போனான். நோரீன் ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். முதல் புகை வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்து எரிகிற அந்த வாசனை. எர்லின் சட்டையில், தலைமுடியில், கல்யாண ஆல்பம் வைத்திருந்த அலமாரியில்கூட அந்த வாசனைதான் இருக்கும். எத்தனை சண்டை போட்டிருப்பாள் அதற்காக. இப்போது ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து மூக்கு நிறைய இழுத்துக்கொண்டாள்.

பழைய காலத்து வண்டிகள் கனமாக இருக்கும், ஆழமான பனியில் பன்றிபோலப் புதைந்துகொள்ளும். பாதி நாள் ஓட்டுவது, மீதி நாள் தோண்டுவது. அந்தத் தோண்டல்தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! ஒருத்தன் வண்டிக்கு முன்னால் இருக்கும் ஸ்கீ பலகையைப் பிடித்து இழுக்க, ஒருத்தன் பின்னாலிருந்து தள்ள, நோரீன் ஆக்சிலேட்டரை அழுத்த, தள்ளுகிறவன் முகம் முழுக்கப் பனி அடிக்கும். வேண்டுமென்றே அழுத்துவாள். இறங்கி வந்ததும் ராணுவ வீரர் மன்றத்துக் கூடத்தில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையும் வெங்காயமும். ஸ்டவ்வுக்கு மேலே கயிறு கட்டி எல்லார் கையுறையும் காயும். எது யாருடையது என்று தெரியாமல் திங்கள்கிழமை ஊரே ஜோடி மாறின கையுறையோடு வேலைக்குப் போகும். அவ்வளவு நன்றாக இருந்தார்கள்.

பாதி வழியில் இருக்கும் மரக்குடிசையில் நிறுத்தினார்கள். டார்சி வண்டி மூடியைத் தூக்கி, சைலன்சர் மேல் கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். இஞ்சின் சூட்டிலேயே வெந்த சாசேஜ்.

"அந்தப் பெட்டி எர்ல் செஞ்சதுதானே?"

"பின்ன? கோணலா இருக்கறதப் பாத்தாலே தெரியல?"

நோரீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் தோளைப் பார்த்தவள் நிறுத்தினாள். டார்சியின் பையில் பிடி வெளியே இல்லை. ஜிப் முழுசாக மூடியிருந்தது.

"ஜிப்ப ஏன் தெறக்கல?"

"மறந்துட்டேன்."

"முப்பது வருஷத்துக்கு மேல வண்டி ஓட்டுறவன் மறந்துட்டியா? பிடிய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் பையப் போட்டிருந்தா அது காற்றுப்பை இல்ல, சாப்பாட்டு மூட்டை. என் வாயை அடைக்கப் போட்டுட்டு வந்திருக்க."

டார்சி சாசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு எதுக்கு நோரீன் அது? அவனுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு? ஒருதடவை அவனை விட்டுட்டு மேல வந்தாச்சு. இன்னொரு தடவை பலூன் வச்சுக்கிட்டு வரணுமா?"

காபிக்கடையில் இத்தனை வருஷம் மரம், பாறை, தைரியம் என்று அவன் அடுக்கின நியாயமெல்லாம் இதை மூடி வைக்கத்தான் என்று நோரீனுக்கு அப்போது புரிந்தது. பாவமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது.

"அவனுக்காகப் போட வேணாம். எனக்காகப் போடு" என்றாள். கையை நீட்டி, அவன் தோள்வாரின் ஜிப்பைத் தானே திறந்து பிடியை வெளியே இழுத்து விட்டாள். அவன் தடுக்கவில்லை.

வாணலிச் சரிவு நடுப்பகல் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. எதிர் மேட்டில், பனி உடைந்தாலும் வந்து சேராத தூரத்தில், வண்டிகளை நிறுத்தினார்கள். ஒரு தடம்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை புதுப்பனி. காலையில் அவள் கொட்டகையில் ஒட்டிய பனிச்சரிவு அபாய அறிக்கை வெயில் ஏறின பிறகு இந்த மாதிரிச் சரிவுகளை நம்பாதே என்று சொல்லியிருந்தது.

இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்கள். டார்சி வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னான்: "வந்துட்டோம்டா எர்ல். இந்தத் தடவை யார் வந்திருக்கான்னு பாரு."

பிறகு டார்சி ஹெல்மெட்டை மாட்டினான். வண்டியில் உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினான். திரும்பிப் போகத்தான் என்று நினைத்தாள். வண்டியின் மூக்கு சரிவைப் பார்த்துத் திரும்பியது. அவன் வலது கட்டைவிரல் ஆக்சிலேட்டரில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அரிப்பு அவளுக்குத் தெரியும். சரிவைப் பார்த்தால் இந்த ஊர் ஆம்பளைகளுக்கெல்லாம் அந்த விரல் அரிக்கும்.

"யோவ், எங்க?"

"பாதி வரைக்கும்தான். ஒரே ஒரு கோடு போட்டுட்டு வந்துடுறேன். கடைசித் தடவை."

"வேணாம்."

"பைதான் இருக்கே. நீதானே பிடியக்கூட எடுத்து விட்ட?"

எந்தப் பை இவனைத் திருப்பிக் கொண்டுவரும் என்று நோரீன் மிரட்டிப் போட வைத்தாளோ அதே பைதான் இப்போது இவனை மேலே அனுப்பப் பார்க்கிறது. அவள் போய் அவன் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"பை இல்லன்னா ஏறுவியா?"

டார்சி அவளைத் தாண்டிச் சரிவைப் பார்த்தான்.

"சொல்லு. அதைக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டு இப்ப ஏறுவியா?"

"மாட்டேன்" என்றான் கடைசியில். "இந்த வெயில்ல மாட்டேன்."

"அப்ப பையோடயும் ஏறாத. இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. பாதியில வண்டி புதைஞ்சு நீ நின்னுட்டன்னு வையி. நான் இங்க நின்னு பாத்துக்கிட்டிருக்க மாட்டேன். மேல வருவேன். வரக் கூடாதுன்னு தெரியும், ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் ஏறக் கூடாதுன்னும் பலகை வச்சவ நான். ஆனா வருவேன். எர்லும் அப்படித்தான் வந்தான்."

டார்சி அவளையே பார்த்தான். இஞ்சினை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மலை மறுபடி சத்தமில்லாமல் ஆனது.

நோரீன் அவன் வண்டியின் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்தாள். அந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"பை இருந்திருந்தா அவன் பிழைச்சிருப்பானா டார்சி?"

"தெரியாது." மடியில் இருந்த ஹெல்மெட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு கையாலயும் என் வண்டி ஸ்கீயப் பிடிச்சிருந்தான். இழுத்துக்கிட்டிருந்தான். மேல சத்தம் கேட்டப்பவும் விடல. பிடிய இழுக்கணும்னா கை வேணும்ல. அவன் விட்டிருப்பான்னு எனக்குத் தோணல."

அவள் தலையை ஆட்டினாள். எர்ல் விட்டிருக்க மாட்டான்தான். எதையும் பாதியில் விடத் தெரியாத மனுஷன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான் டார்சி. "கீழயிருந்து வரும்போது அவன் சிரிச்சுக்கிட்டே வந்தான். 'மாட்டினியாடா கழுதை, இதை வச்சே உன்னைப் பத்து வருஷம் கேலி பண்ணுவேன்டா'ன்னு கத்திக்கிட்டே வந்தான்."

"ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"தோள் குலுங்குச்சே."

நோரீனுக்கு அந்தத் தோளைத் தெரியும். எர்ல் சத்தமில்லாமல் சிரிப்பான், தோள் மட்டும் குலுங்கும். சர்ச்சில் பாதிரியார் தும்மினால்கூட இவனால் பெஞ்சே ஆடும். நோரீன் அவன் தொடையில் கிள்ளுவாள், இன்னும் குலுங்கும்.

"இத்தனை வருஷமா ஏன்யா இதை எங்கிட்ட சொல்லல?"

"என்னைக் காப்பாத்த வந்து செத்தவன் சிரிச்சுக்கிட்டே வந்தான்னு உங்கிட்ட எந்த வாயால சொல்றது?"

அவள் அழுதாள். கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதாள். டார்சி வண்டியிலிருந்து இறங்கி, வலிக்கிற இடுப்பை மெல்ல மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முதுகில் பையோடு இருவராலும் சரியாகச் சாயக்கூட முடியவில்லை. இத்தனை வருஷமும் கண்ணை மூடினால் அவளுக்கு எர்ல் பயந்துபோன முகத்தோடுதான் வருவான், வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டு. இப்போது கண்ணை மூடிப் பார்த்தாள். அவன் தோள் குலுங்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தான்.