சாப்பிடுங்க என்றாள் பஞ்சம்மாள்

பதினேழு வருஷத்தில் பஞ்சம்மாள் தன் புருஷனைப் பார்த்து ஒரு தடவைகூட "சாப்பிடுங்க" என்று சொன்னது கிடையாது. சொல்லத் தெரியாதவள் இல்லை. வாழைத்தார் பார்க்க வரும் வியாபாரியிடம் சொல்வாள். மகள் வேல்விழியின் டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது ஏழு தடவை சொன்னாள். செல்லப்பாண்டிக்கு மட்டும் வேறு சொற்கள் வைத்திருந்தாள். வயலிலிருந்து பசியோடு வந்தால் "இந்தாய்யா, மொக்கு." சீட்டு விளையாடிவிட்டு நேரம் கழித்து வந்தால் "வந்து கொட்டிக்க." முறுக்கு டப்பா காலியானால் "அம்புட்டையும் நொறுக்கியாச்சா?" கறிக்குழம்பு வைத்த அன்று மட்டும் கொஞ்சம் பெருமையாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டாளு இன்னைக்கு ஒரு கட்டு கட்டிட்டாரு" என்பாள்.

அவர் சாப்பாடும் அந்தச் சொற்களுக்கு ஏற்றதுதான். மார்க்கையன்கோட்டையில் கல்யாணப் பந்தி என்றால், சாம்பார் வாளிக்காரன் செல்லப்பாண்டியின் இலைக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வான். போய்விட்டுத் திரும்பி வருவது வீண் அலைச்சல் என்று அவனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வயிற்றில் 2004 ஆவணியில் ஓர் எரிச்சல் வந்து உட்கார்ந்தது. தேனிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கப் போக வேண்டிய நாளில்தான் அவர் வயலுக்கு முறைத்தண்ணீர் வந்தது. தண்ணீரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற விவசாயி உண்டா? பஞ்சம்மாள் தனியாகப் போய் வாங்கி வந்தாள்.

சாயங்காலம் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கைகால் கழுவி வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"ஒண்ணுமில்லையாம். நீங்க சாப்பிடுங்க."

செல்லப்பாண்டியின் கை தட்டுக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. 'ஒண்ணுமில்ல' என்பது யாரும் சொல்வதுதான். ஆனால் 'நீங்க'? 'சாப்பிடுங்க'?

அவள் வீட்டு மனுஷரைப் பார்த்து அப்படிச் சொல்லி அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா சின்னக்கருப்புக்கும் பஞ்சம்மாளுக்கும் விடிந்தால் வாய்ச்சண்டை. "பெருசு உள்ள தள்ளியாச்சா?" என்று இவள் கேட்பாள், "நீ ஆக்குனதத் தள்ளத்தான் முடியும், திங்க முடியாதுத்தா" என்று அவர் சொல்வார். இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்பாவை மதுரையில் பெரிய டாக்டர் கைவிரித்து அனுப்பினார். அன்றிலிருந்து அவள் "சாப்பிடுங்க மாமா" என்றாள். பதினோராம் நாள் அப்பா போய்ச் சேர்ந்தார்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க, காரமில்லாமச் செஞ்சு தாரேன்" என்றாள் மறுநாள். போகப்போகிற மனுஷரிடம்தான் என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்து போடுவார்கள். ஆசையை மிச்சம் வைத்து அனுப்பக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அப்பா பால்கொழுக்கட்டை கேட்டார், இரண்டு வாய்தான் இறங்கியது.

"ஒண்ணும் வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் பசி என்பதே அவரை மறந்துவிட்டது. வட்டிலில் ஆறு இட்லி வைத்தால் ஒன்றரையோடு கை கழுவினார். அவர் மிச்சம் வைத்ததைப் பார்த்து அவள் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்து இவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. மூன்றாம் நாள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கோம்பையிலிருந்து அக்கா கஸ்தூரியம்மாள் ஒரு பையில் பன்னீர் திராட்சையோடு வந்து, "ஏலே, பாதியாப் போயிட்டியேடா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வேல்விழி பத்தாவது படிக்கிறாள். அவளுக்கு ஒரு வழி செய்யாமல் போகிறோமே என்று நினைத்தார் செல்லப்பாண்டி. பயமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயசு சாகிற வயசா?

நாலாம் நாள் மத்தியானம் அவள் தூக்குவாளியோடு வாழைத் தோட்டத்துக்கு வந்தாள். அவர் வாளியைப் பார்க்காமல் அவளை நேரே மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனார்.

"இந்தப் பச்சைப் பட்டன அமுக்கணும். தண்ணி ஏறலைன்னா மேல ஒரு வாளி ஊத்தி மறுபடி போடணும். ஒத்தக் கரண்டு வந்தா தொட்டுறாத, மோட்டார் எரிஞ்சுபோகும்."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

"நான் இல்லாட்டி நீதான போடணும்."

"ஏன், நீங்க எங்க போறீக?"

"மறைக்காத பஞ்சம்மா. எத்தன நாளுன்னு சொன்னாக?"

"எது எத்தன நாளு?"

"என் உசுருதான்!"

பஞ்சம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமில்லன்னுதான சொன்னேன்?"

"அப்புறம் எதுக்கு என்னைய சாப்பிடுங்க, சாப்பிடுங்கன்னு சொன்ன? எங்கப்பாவ அப்படிச் சொல்லித்தான அனுப்பி வச்ச?"

அவள் மோட்டார் ரூம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த டாக்டரம்மா, வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுவாருன்னு கேட்டாக. மொக்குவாரும்மான்னு சொன்னேன். அங்கன நின்ன நர்சுப் பிள்ளைக எல்லாம் சிரிச்சிருச்சுக. டாக்டரம்மா சிரிக்கல. 'நீங்க அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவரும் அள்ளிப் போடுறாரு'ன்னாக. புண்ணுமில்ல, கட்டியுமில்ல. மெல்லாம முழுங்குறதுல காத்து அடைக்குது. மரியாதையா, நிதானமாச் சாப்பிடச் சொல்லுங்கன்னு சொன்னாக. எனக்கு வெக்கமாப் போச்சு. சரி, இனிமே நல்ல வார்த்தையாச் சொல்லுவோம்னுதான்..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ திங்காமக் கெடந்த. இத்தன வருசமும் நான் மொக்கு மொக்குன்னு சொன்ன வாய்தான் கண்ணாப் பட்டுருச்சுன்னு நாலு நாளா நானும் பச்சத்தண்ணி எறங்காமக் கெடக்கேன்."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை செல்லப்பாண்டியின் காது முதலில் கேட்டது. புத்திக்கு அப்புறம்தான் எட்டியது.

"காத்தா?"

"காத்துதான்."

"வெறும் காத்தா!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. நாலு நாளாக எங்கோ போயிருந்த பசி, வாழைக்கு நடுவே ஓடிவந்து வயிற்றைப் பிடித்து உலுக்கியது.

பஞ்சம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். ரசம் சோறு, பருப்புத் துவையல். அவர் உட்கார்ந்தார். ஆனால் கை வைக்கவில்லை.

"என்ன?"

"சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"சொன்னாத்தான் எறங்கும்."

அவளுக்கும் புரிந்தது. டாக்டரம்மா தேனியிலிருந்து கேட்டுவிடப் போகிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள்.

"மொக்குய்யா."

செல்லப்பாண்டி வாளிக்குள் கையை விட்டார். முதல் கவளம் அப்படியே தொண்டைக்குள் போகப் பார்த்தது. அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மென்னு மொக்கு!"

அவர் மென்றார். ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இதுவரை மென்ற பழக்கமே இல்லாத அந்தத் தாடை வலிக்க வலிக்க மென்றார். நிதானமாகத்தான் சாப்பிட்டார், ஆனால் எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. பஞ்சம்மாளுக்குத் தன் பசி நினைவுக்கு வந்து எட்டிப் பார்த்தபோது வாளியின் அடி தெரிந்தது.

"அடப்பாவி மனுசா, ரெண்டாளு சோத்தையும் ஒத்தையா அமுக்கிட்டியேய்யா!"

பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்லப்பாண்டி விரலை நக்கிக்கொண்டு, இன்னொரு தடவை திட்ட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.