என் மனைவியின் உடலில் தம்பியின் புரதம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை ஒளித்து வைத்து எழுதுவது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சற்று முன், உப்சாலா மருத்துவமனையில், என் தம்பி ஃபோல்கெ வடிவமைத்த புரதத்தை என் மனைவி குன்வோரின் கையில் ஊசிவழி ஏற்றினார்கள். ஊசி இறங்கும்போது அவன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். புற்றுநோய் திரும்பி வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வெளியே வந்து, காபியையும் ஏலக்காய் பன்னையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

‘சில்வர்ஹாகே குலத்தின் கேடயம் ஸ்டாக்ஹோமில் பிரபுக்கள் மாளிகையின் சுவரில் தொங்குகிறது. அக்குலத்தின் மூத்த மகனும், புற்றணுக்களைத் தேடிப் பிடிக்கும் எதிர்பொருளை உருவாக்கியவருமான—’

அந்த மூத்த மகன் நான்தான், இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கல்லறையில் பொறிக்க வேண்டிய வாக்கியம் போலிருக்கிறது. இரண்டாவது:

‘ஃபோல்கெ திருமணத்தன்று எங்கள் குலப்பெயரை உதறிவிட்டு மனைவி வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன்—’

அன்றிலிருந்து அவன் என்ன ஆனான்? நன்றாகத்தான் இருக்கிறான். கதை அங்கேயே படுத்துவிட்டது.

(விஷயம் தெரியாத வாசகருக்கு: சில புற்றணுக்களின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி, அதாவது ரிசெப்டர், அளவுக்கு மீறி முளைத்திருக்கும். என் எதிர்பொருள், அதாவது ஆன்டிபாடி, அதில் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கும். குன்வோருக்கு அதுதான் மருந்து. தம்பியுடையது சின்னஞ்சிறு புரதம். அதன் முகத்தைக் கோடி விதமாக மாற்றிப் பார்த்து, ஏற்பியை விடாமல் பற்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கதிர்வீசும் அணுவொன்றை அதில் கட்டி உடலுக்குள் அனுப்பினால், ஒட்டிய இடம் ஸ்கேன் படத்தில் ஒளிரும். என்னுடையது பருத்தது, அதை வைத்துப் படமெடுக்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவனுடையது காலையில் போனால் மதிய உணவுக்குள் வேலையை முடித்துவிடும். என் மூலக்கூறாக இருந்திருந்தால் ஒரு நாவலே எழுதியிருப்பேன். தம்பி எனக்குச் சிறுகதைக்கு மட்டும்தான் நேரம் விட்டிருக்கிறான்.)

3

ஃபோல்கெ என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வில்லனாக எழுதினால் நகைச்சுவை செய்கிறான். ஆகவே இந்த ஊசிக்கு முன்பு எங்கள் சமையலறையில் நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன்.

குன்வோரின் முதுகெலும்பில் ஒரு புள்ளி. நோய் அங்கே இருப்பது தெரியும். ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துச் சோதிக்க முடியாத இடம். அந்த அணுக்களில் ஏற்பி இன்னும் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால், என் எதிர்பொருளிலேயே வீரியமான நஞ்சைக் கட்டி அனுப்பலாம். இல்லையென்றால் அனுப்புவதற்கு முகவரி இல்லை.

“உன்னோடது ஒட்டவே ஒட்டாது,” என்றேன். “என் மருந்து ஏறிக்கிட்டிருக்கு. எல்லா ஏற்பியிலயும் என்னோடது உக்காந்திருக்கும். உன்னோடதுக்கு எங்க எடம்?”

“பெரியவரே, அது நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசை இல்ல, ஒரே ஒரு தலைமை நாற்காலியோட நிக்கிறதுக்கு,” என்றான் ஃபோல்கெ. “என்னோடது வேற பக்கமா ஒட்டும். உன்னோடதுமேல முழங்கைகூட இடிக்காது.”

“நிரூபிச்சிருக்கியா?”

“நிரூபிச்சு கட்டுரை எழுதினேன். ஆய்வு இதழ்க்காரங்க அதை யாரோ பேர் தெரியாத நிபுணருக்கு அனுப்பினாங்க. அவரு பக்கம் பக்கமா திட்டிட்டு, கடைசில ‘சரிதான்’னு எழுதியிருந்தாரு. அது நம்ம வீட்டுத் திட்டு, அண்ணா.”

(இதற்கு நான் இங்கே பதில் சொல்லப்போவதில்லை.)

குன்வோர் கரண்டியை மேசைமேல் வைத்தாள். “ரெண்டு பேரும் சண்டை போடுற மைதானம் என் முதுகு. ஞாபகம் இருக்கட்டும். நான் போறேன், படம் எடுக்கட்டும்.”

“குன்வோர், கொஞ்சம் யோசிச்சு—”

“பேராசிரியரே, உன்கிட்ட அனுமதி கேக்கல. கார் ஓட்டுவியான்னு கேக்கறேன்.”

4

முடிவு அ. படம் இருண்டு கிடக்கிறது. ஃபோல்கெ தலைகுனிகிறான். மூத்தவன் பெருந்தன்மையோடு அவன் தோளில் கை வைக்கிறான்.

சொற்கள் தாமாக வந்து விழுந்தன. இவ்வளவு சரளமாக நான் எழுதியதே இல்லை. பிறகு திரும்பப் படித்தேன். படம் இருட்டென்றால் ஏற்பி இல்லை. ஏற்பி இல்லையென்றால் குன்வோருக்கு மருந்து இல்லை. தம்பியைத் தோற்கடித்த அதே வாக்கியத்தில் மனைவியைக் கைவிட்டிருக்கிறேன். அந்த வரிகளை அடித்தேன். அடித்தபடியே இங்கே விட்டுவைக்கிறேன்.

முடிவு ஆ. முதுகெலும்பில் வெளிச்சம். குன்வோர் எழுந்து ஃபோல்கெயின் கையைப் பிடித்துக்கொண்டு—

இதற்குமேல் பேனா நகரவில்லை.

5

கதிர்வீச்சு இருப்பதால் அவளிடமிருந்து தள்ளி, கதவுக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். கட்டிலிலிருந்தே கேட்டாள்.

“என்ன கிறுக்கற?”

“கதை.”

“ஃபோல்கெ வர்றானா? மீசை வெச்சு கெட்டவனாக்கிட்டியா?”

“பாத்தேன். எடுபடல.”

“முடிவு?”

“ரெண்டு இருக்கு. ரெண்டுமே பிடிக்கல.”

என் பக்கம் திரும்பிப் படுத்தாள். “ஊசி போடறப்ப அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அண்ணன் மூஞ்சியப் பாரு, ஊசி அவனுக்குப் போட்ட மாதிரி வெளுத்துப்போச்சு’ன்னான்.”

“அதுக்கா சிரிச்ச?”

“வெளுத்துத்தானே இருந்த?”

ஆக, என்னை வைத்துத்தான் சிரித்திருக்கிறார்கள். ஒரு நல்ல கதையில் பொறாமை இந்த இடத்தில் கரைந்திருக்க வேண்டும். எனக்குக் கூடிவிட்டது. என் முகத்தை அவன் பார்த்திருக்கிறான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

6

படம் எடுத்தாயிற்று. ஃபோல்கெ கதவருகே நிற்கிறான்.

“வா. மொதல்ல நீ பாக்கணுமாம், குன்வோர் சொல்லிட்டா. நான் இன்னும் பாக்கல.”

“உன் புரதம். நீ பாரு.”

“உன் பொண்டாட்டி,” என்றான். நகைச்சுவை எதுவும் செய்யவில்லை. கதவை எனக்காகத் திறந்து பிடித்தான்.

முடிவு இ என்று எழுதிவிட்டேன். அதன்கீழ் ஒன்றும் எழுத முடியவில்லை. நான் எழுதினால் எப்படியும் அதில் ஃபோல்கெ கொஞ்சமாவது தோற்றுப்போவான். இன்று அவன் இம்மியும் தோற்கக் கூடாது. எனவே, வாசகரே, எனக்கு முன்னால் நீங்கள் போய்ப் பாருங்கள். பெரிதாக ஒளிரும் இரண்டைக் கண்டு ஏமாறாதீர்கள். அவை சிறுநீரகங்கள், இந்தப் புரதம் போனால் யாருக்கும் அப்படித்தான் ஒளிரும். நடுவே, முதுகெலும்பில் தேடுங்கள். மிளகளவு வெளிச்சம் போதும்.

இருந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். மிச்ச ஆயுளெல்லாம் அவன்மேல் பொறாமைப்பட எனக்குச் சம்மதம்.